பெருநாள் ஒன்றுகூடல்: பெரியவர்களும் விளையாடட்டும்!

பெருநாளன்று மாலையில் உங்கள் தெருவைச் சற்றே கவனித்துப் பாருங்கள். சிறுவர்களும் சிறுமியரும் புத்தாடை மினுங்க, பெருநாள் காசைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி வீட்டுக்கு வீடு ஓடிக் கொண்டிருப்பார்கள். பெரியவர்களோ காலையில் தொழுகைத் திடலில் ஒருவரையொருவர் தழுவி ஸலாம் கூறியதோடு சரி. உண்ட களைப்பில் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கியிருப்பார்கள், அல்லது ஆளுக்கொரு கைப்பேசியில் ஆழ்ந்திருப்பார்கள். எதிர் வீட்டுக்குக் குடிவந்து ஓராண்டு ஆகியிருக்கும். அவ்வீட்டுக்காரரின் பெயர் இன்னும் நமக்குத் தெரிந்திராது. மகன் வளைகுடாவிலும் மருமகள் மற்றோர் ஊரிலுமாக இருக்க, மாடியில் தனித்திருக்கும் முதியவர் ஒருவர் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக் கொண்டிருப்பார். பெருநாள் வந்தது, போயிற்று. அவரிடம் பேசியவர் எவருமில்லை.

இந்நிலையை மாற்றப் பல மஹல்லாக்களிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் பெருநாள் ஒன்றுகூடல்களை நடத்துகிறார்கள். மிக நல்ல முயற்சி. ஆனால் பெரும்பாலும் என்ன நடக்கிறது? ஒரு சொற்பொழிவு, சிறுவர்களுக்கு ஓட்டப்பந்தயம், பரிசளிப்பு, பிரியாணிப் பொட்டலம். பெரியவர்கள் நாற்காலிகளில் அமர்ந்து பார்வையாளர்களாகவே வந்து பார்வையாளர்களாகவே திரும்பிப் போகிறார்கள். அருகருகே இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்தும் அறிமுகம் ஆவதில்லை.

ஒன்றாக அமர்வது வேறு. ஒன்றாக ஒரு செயலைச் செய்வது வேறு. பத்து முறை ஸலாம் சொல்லியும் நெருங்காத இருவர், ஒரு கயிற்றின் ஒரே முனையைப் பிடித்து இழுத்தபின் நெருங்கிவிடுகிறார்கள். ஆகவே, அடுத்த பெருநாள் ஒன்றுகூடலில் பெரியவர்களுக்கும் விளையாட்டுகளை ஏற்பாடு செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்ளவும், அதனை எவ்வாறு திட்டமிடுவது என்று எடுத்துச் சொல்லவுமே இக்கட்டுரை.

விளையாட்டு பெரியவர்களுக்கு இழுக்கா?

"தாடி நரைத்த பிறகு விளையாட்டா?" என்று சிலர் முகம் சுளிக்கக் கூடும். அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலிருந்தே விடை உண்டு. பயணமொன்றில் அண்ணலார் தம் துணைவியார் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள், அன்னையார் முந்திவிட்டார்கள். பிறிதொரு காலத்தில், அன்னையாரின் உடல் சற்றுப் பருத்திருந்தபோது, மீண்டும் ஓடினார்கள்; இம்முறை அண்ணலார் முந்தினார்கள். முன்பு தோற்றதற்கு இது ஈடாயிற்று என்னும் கருத்துப்படக் கூறினார்கள். அபூதாவூத் நூலில் இடம்பெற்றுள்ள செய்தி இது. பெருநாள் ஒன்றில் அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டிகளுடன் விளையாடியதை அன்னையார் அண்ணலாரின் தோளுக்குப் பின்னால் நின்று, தமக்கே அலுக்கும்வரை கண்டு களித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு.

இன்னும் ஒரு நிகழ்ச்சி, ஏற்பாட்டாளர்கள் ஒவ்வொருவரும் மனத்தில் பதிக்க வேண்டியது. அஸ்லம் கோத்திரத்தார் இரு அணிகளாகப் பிரிந்து அம்பெய்து கொண்டிருந்தார்கள். அவ்வழியே வந்த நபி (ஸல்) அவர்கள் அவர்களை ஊக்கப்படுத்தி, தாம் ஓர் அணியின் பக்கம் என்று கூறினார்கள். உடனே எதிரணியினர் அம்பெய்வதை நிறுத்திவிட்டார்கள். காரணம் கேட்டபோது, தாங்கள் அவர்கள் பக்கம் இருக்கையில் நாங்கள் எவ்வாறு எய்வது என்றார்கள். அப்படியானால் தாம் எல்லோருடைய பக்கமும் இருப்பதாகச் சொல்லி, ஆட்டத்தைத் தொடரச் செய்தார்கள் அண்ணலார். புகாரியில் வரும் செய்தி இது. விளையாட்டை நடத்துகிறவர் எல்லோருடைய பக்கமும் நிற்க வேண்டும். ஒருவர் மனம் ஒடிந்தாலும் ஆட்டம் நின்றுபோகும்.

ஓரமாக நிற்பவரிலிருந்து தொடங்குங்கள்

விளையாட்டுகளைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் வழக்கமாக என்ன செய்கிறோம்? சுறுசுறுப்பான நான்கு இளைஞர்கள் கூடி, தங்களுக்குப் பிடித்தவற்றைப் பட்டியலிடுகிறார்கள். அன்றைய மாலை அந்த நால்வரும் அவர்களைப் போன்றவர்களும் ஓடியாடி மகிழ்வார்கள், மற்றவர்கள் கைதட்டுவார்கள். பெரியவர்களின் ஒன்றுகூடல் தோற்பது இங்கேதான்.

மாறாக, ஒரு தாளை எடுத்து வரப்போகிறவர்களின் பெயர்களை எழுதுங்கள். யாருக்கு முழங்கால் வலி? யாருக்கு இதய நோய்? யாருக்குச் சர்க்கரை நோய்? யாருக்குக் காது சரிவரக் கேளாது? எழுதப் படிக்கத் தெரியாதவர் எவரேனும் உண்டா? கருவுற்றிருக்கும் சகோதரி யார்? புதிதாகக் குடிவந்தவர் யார்? கூட்டத்தைக் கண்டால் ஒதுங்கும் இயல்புடையவர் யார்? இவர்களுள் மிகவும் ஓரமாக நிற்கக் கூடியவர் யாரோ, அவரால் ஆட முடிந்த ஆட்டத்தை முதலில் தேர்ந்தெடுங்கள். அவர் ஆடினால் எல்லோரும் ஆடுவர். ஓடக் கூடியவர்களுக்கான ஆட்டங்களை அதன்பின் சேர்த்துக் கொள்ளலாம்.

பெண்கள் அடுக்களையிலேயே இருக்க வேண்டுமா?

ஒன்றுகூடல் என்றாலே ஆண்கள் திடலில் மகிழ, பெண்கள் அடுக்களையில் வேர்த்துக் கொண்டிருப்பது பல ஊர்களின் வழக்கமாகிவிட்டது. நோன்பு முப்பதிலும் ஸஹருக்கு எழுந்து சமைத்தவர்கள் அவர்கள். இஃப்தாருக்கு அடுப்படியில் நின்றவர்கள் அவர்கள். பெருநாளிலும் அவர்களுக்கு ஓய்வில்லை என்றால் அது யாருடைய பெருநாள்? அண்ணலாருடன் ஓட்டப்பந்தயம் ஓடியவர் ஒரு பெண்மணி என்பதை நாம் மறக்கலாகாது.

அன்றைய உணவைப் பண்டாரியிடம் ஒப்படைத்து விடுங்கள். அல்லது தேநீரும் ஓரிரு பலகாரங்களும் போதும் என்று முடிவு செய்யுங்கள். பரிமாறுவதையும் பாத்திரம் கழுவுவதையும் ஆண்கள் ஏற்கட்டும். பெண்களுக்குத் தனியிடம் ஒதுக்குங்கள். அது ஓரத்தில் ஒரு திரைக்குப் பின்னாலுள்ள குறுகிய சந்தாக இல்லாமல், காற்றோட்டமும் குடிநீரும் கழிவறை வசதியும் உள்ள இடமாக இருக்கட்டும். அங்கே நடப்பவற்றைப் பெண்களே திட்டமிட்டு, பெண்களே நடத்தட்டும். ஆண்களுக்கு என்னென்ன ஆட்டங்களோ, அவையனைத்தும் அவர்களுக்கும் உண்டு. அப்பகுதியில் எவரும் கைப்பேசியால் படமெடுக்கலாகாது என்பதை முன்கூட்டியே அறிவித்து விடுங்கள். ஆண்கள் பகுதியிலும் அனுமதியின்றி எவரையும் படமெடுத்துப் பரப்பலாகாது.

நேரமும் இடமும்

பெருநாளன்று விருந்தினர் வருகை மிகுதி. ஆகவே இரண்டாம் நாள் பொருத்தமானது. அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம் வெயில் தணிந்த நேரம். வயிறு நிறைய உண்ட உடனே ஓடியாடும் இடரும் அப்போது இராது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்திற்குத் திட்டமிட்டால் போதும். நாற்பது பேர் வருவதாகக் கொண்டால் இப்படிப் பிரிக்கலாம்: கிராஅத்தும் வரவேற்பும் 10 நிமிடம், அறிமுக ஆட்டம் 15 நிமிடம், அமர்ந்தாடும் ஆட்டங்கள் இரண்டு, 30 நிமிடம், தேநீர் 10 நிமிடம், எழுந்தாடும் ஆட்டங்கள் இரண்டு, 20 நிமிடம், பரிசும் துஆவும் 10 நிமிடம். மொத்தம் 95 நிமிடம். மஃரிபு பாங்குக்குப் பதினைந்து நிமிடம் முன்னதாகவே முடித்து, ஒளூச் செய்து ஜமாஅத்தில் சேர வழி செய்யுங்கள். விளையாட்டின் சுவையில் தொழுகை பிந்துமானால் அவ்விளையாட்டில் பரக்கத் இராது.

ஒலிபெருக்கி தேவையில்லை. அண்டை வீட்டில் நோயாளி இருக்கலாம். தேர்வுக்குப் படிக்கும் மாணவர் இருக்கலாம். தரையில் கல், கண்ணாடித் துண்டு, வழுக்கும் பாசி ஆகியவை இல்லாமல் முதல்நாளே துப்புரவு செய்யுங்கள்.

அணி பிரிக்கும் கலை

நாற்பது பேரை எட்டுப் பேர் கொண்ட ஐந்து அணிகளாகப் பிரியுங்கள். 'உங்களுக்குப் பிடித்தவர்களைச் சேர்த்துக் கொள்ளுங்கள்' என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் செல்வந்தர்கள் ஓர் அணி, ஒரே குடும்பத்தார் ஓர் அணி, எவரும் அழைக்காதவர்கள் ஓர் அணி என்று ஆகிவிடும். வட்டமாக நிற்கச் செய்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று எண்ணச் சொல்லுங்கள். 'ஒன்று' சொன்னவர்கள் எல்லோரும் ஓர் அணி. தந்தையும் மகனும், முதலாளியும் ஊழியரும், முத்தவல்லியும் முஅத்தினும் எந்த அணியில் விழுகிறார்களோ அங்கேயே இருக்கட்டும்.

பேச்சு வார்த்தையற்றுப் போன இருவர் உங்கள் தெருவில் இருக்கலாம். மூன்று நாள்களுக்கு மேல் சகோதரனிடம் பேசாமல் இருப்பது ஆகாது என்பது நபிமொழி. ஆயினும் அதனைச் சபையில் சொல்லிக்காட்டி, கட்டாயப்படுத்திக் கைகுலுக்கச் செய்யாதீர்கள். அது இருவரையும் கூனிக் குறுகச் செய்யும். அவர்கள் ஒரே அணியில் அமையும்படி வரிசையை மட்டும் சற்றே மாற்றி அமையுங்கள். எலுமிச்சம்பழத்தை ஒருவர் கரண்டியிலிருந்து மற்றவர் கரண்டிக்கு மாற்றும்போது, 'மெல்ல, மெல்ல' என்றேனும் ஒருவர் சொல்லித்தானே ஆக வேண்டும்? இன்ஷா அல்லாஹ், அந்த ஒரு சொல் வழி திறக்கும்.

ஆடத்தக்க ஆட்டங்கள்

*பெயர்ச் சங்கிலி.* எல்லோரும் வட்டமாக அமர்கிறார்கள். முதலாமவர் தம் பெயரையும் சொந்த ஊரையும் சொல்கிறார். இரண்டாமவர் முதலாமவருடையதைச் சொல்லித் தம்முடையதைச் சேர்க்கிறார். மூன்றாமவர் இருவருடையதையும் சொல்கிறார். நாற்பது பேர் கொண்ட வட்டமானால் கடைசியில் இருப்பவர் திணறுவார். ஆகவே அணிவாரியாக எட்டுப் பேர் வட்டங்களாக ஆடுங்கள். ஒருவர் மறந்தால் அணியினர் அனைவரும் எடுத்துக் கொடுக்கலாம். பதினைந்து நிமிடத்தில் எட்டு வீடுகளின் பெயர்கள் மனத்தில் பதிந்துவிடும்.

*இவர் யார்?* மூன்று செய்திகளைச் சொல்லி, அவற்றுள் எது பொய் என்று கண்டுபிடிக்கச் சொல்லும் ஓர் ஆட்டம் பல இடங்களில் ஆடப்படுகிறது. சிரிக்க வைப்பதற்காகப் பொய் பேசுவதையும் நபி (ஸல்) அவர்கள் கண்டித்திருப்பதால், அதனைச் சற்றே மாற்றிக் கொள்வோம். வருகிறவர் ஒவ்வொருவரும் தம்மைப் பற்றிப் பிறர் அறியாத உண்மைச் செய்தி ஒன்றைத் துண்டுத் தாளில் எழுதிப் பெட்டியில் இட வேண்டும். எழுதத் தெரியாதவர்க்கு வாசலில் நிற்கும் ஒருவர் அமைதியாக எழுதித் தரட்டும். பிறகு ஒவ்வொரு தாளாக எடுத்துப் படிக்க, அது யாரென்று அணிகள் ஊகிக்க வேண்டும். 'சிறுவயதில் கிணற்றில் விழுந்து பிழைத்தவர்', 'ஐந்து மொழிகளில் பேரம் பேசத் தெரிந்தவர்', 'கப்பலில் ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்' என்று எத்தனை வியப்புகள் வெளிவரும் என்பதைக் காண்பீர்கள். மும்பையிலிருந்து ஜித்தாவுக்கு ஹாஜிகளை ஏற்றிச் சென்ற கப்பல் பயணம் 1995-இல் நின்றுபோயிற்று. அப்பயணம் சென்றவர்கள் இன்று முதியவர்கள். உங்கள் தெருவிலேயே ஒருவர் இருந்தும் இதுவரை அவரிடம் எவரும் கேட்டதில்லையே என்று இளைஞர்கள் வருந்துவார்கள். ஆட்டம் முடிந்ததும் அவரைச் சூழ்ந்து கொள்வார்கள்.

*மணம் அறிதல்.* பத்துச் சிறு குப்பிகளை எடுத்து, உள்ளிருப்பது தெரியாதபடி தாள் சுற்றுங்கள். கிராம்பு, ஏலக்காய், பட்டை, அன்னாசிப்பூ, சோம்பு, சீரகம், ஓமம், வெந்தயம், கருஞ்சீரகம், ஜாதிக்காய் ஆகியவற்றை ஒவ்வொன்றில் இட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். மிளகாய்ப்பொடி, மிளகுப்பொடி போன்றவை வேண்டா. இழுப்பு நோய் உள்ளவர்க்கு அவை கேடு. அணியினர் முகர்ந்து பார்த்து, தமக்குள் பேசி, பத்துப் பெயர்களையும் எழுத வேண்டும். ஆண்டுக் கணக்காகப் பிரியாணியில் உப்புக் குறை, உறைப்புக் குறை என்று குற்றம் சொல்லி வந்த ஆடவர் பலர், சோம்புக்கும் சீரகத்துக்கும் வேறுபாடு தெரியாமல் விழிப்பதை அன்று காணலாம். கண் பார்வை குன்றிய முதியவரும் இந்த ஆட்டத்தில் அணியின் தலைவராகி விடுவார்.

*நினைவுத் தட்டு.* ஒரு தாம்பாளத்தில் இருபது பொருள்களை வையுங்கள்: சாவி, தொப்பி, தஸ்பீஹ் மணி, அத்தர் குப்பி, நூற்கண்டு, தீப்பெட்டி, கரண்டி, பேரீச்சங்கொட்டை என்று எதுவாயினும் ஆகலாம். ஒரு நிமிடம் பார்க்க விட்டுத் துணியால் மூடிவிடுங்கள். நினைவிலுள்ளவற்றை அணியாகச் சேர்ந்து எழுத வேண்டும். சாரணர் படையினர் கவனத்தைக் கூர்மையாக்க ஆடிவரும் பழைய ஆட்டம் இது. ருட்யார்ட் கிப்ளிங் 1901-இல் வெளியிட்ட 'கிம்' என்னும் புதினத்திலிருந்து வந்தது. தனித்தனியே எழுதச் சொன்னால் மறதியுள்ள முதியவர் நாணுவார். அணியாக எழுதும்போது அவர் நினைவில் வைத்த இரண்டு பொருளும் அணிக்கு வரவாகும்.

*அமர்ந்தபடி எலுமிச்சை.* எட்டு நாற்காலிகளை வரிசையாக இடுங்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கரண்டி. முதலாமவர் கரண்டியிலுள்ள எலுமிச்சம்பழம், மறு கை படாமல், கரண்டிக்குக் கரண்டி மாறிக் கடைசி ஆளை அடைந்து மீண்டும் திரும்ப வேண்டும். விழுந்தால் விழுந்த இடத்திலிருந்தே தொடரலாம். கரண்டியை வாயில் கவ்வும் வழக்கம் வேண்டா. அது தூய்மையும் அன்று, முதியவர்களின் பற்களுக்கு நல்லதும் அன்று. சக்கர நாற்காலியில் வருபவரும் இதில் சரிநிகராக ஆடலாம்.

*குறையும் வளையங்கள்.* நாற்காலியைச் சுற்றி ஓடி, இடம் கிடைக்காதவரை வெளியேற்றும் ஆட்டம் நாமறிந்ததே. அதில் ஒருவர் வெல்வதற்காக முப்பத்தொன்பது பேர் ஒவ்வொருவராக வெளியேறி வெறுமனே உட்கார வேண்டியுள்ளது. அதனைத் தலைகீழாக்குங்கள். தரையில் கயிற்றால் எட்டு வளையங்கள் இடுங்கள். அணியினர் நடந்து வர, நடத்துபவர் கைதட்டியதும் ஒவ்வொருவரும் ஒரு பாதத்தையேனும் ஏதாவதொரு வளையத்துக்குள் வைக்க வேண்டும். சுற்றுக்கு ஒரு வளையத்தை எடுத்து விடுங்கள். வெளியேறுவது வளையங்களே, மனிதர் எவரும் வெளியேறுவதில்லை. கடைசியில் மூன்றே வளையங்களில் எட்டுப் பேர் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்து நிற்பார்கள்.

*பழமொழி அபிநயம்.* ஊமையாக நடித்துக் காட்ட, அணியினர் கண்டுபிடிக்கும் ஆட்டத்திற்குத் திரைப்படப் பெயர்களே வேண்டும் என்பதில்லை. 'யானைக்கும் அடி சறுக்கும்', 'அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்' போன்ற பழமொழிகளையோ, தொழில்களையோ கொடுங்கள். தெருவிலுள்ள எவரையும் போல் நடந்து காட்டுவதும் பேசிக் காட்டுவதும் கூடாது.

*கயிறு இழுத்தல்.* 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக் போட்டிகளிலேயே இடம்பெற்றிருந்த ஆட்டம் இது. ஆண்களும் பெண்களும் தத்தம் பகுதியில் ஆடலாம். ஆனால் கட்டுப்பாடு வேண்டும். 1997-இல் தைவானின் தலைநகர் தைப்பேயில் ஏறத்தாழ 1,600 பேர் சேர்ந்து இழுத்தபோது கயிறு அறுந்து, இருவருடைய கைகள் துண்டாயின. மருத்துவர்கள் அவற்றை மீண்டும் பொருத்த நேர்ந்தது. ஆகவே ஒரு பக்கத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் வேண்டா. தடித்த நார்க்கயிறோ பருத்திக் கயிறோ போதும். நைலான் கயிறு இழுபட்டு நீளும், அறுந்தால் சாட்டை போலத் திரும்பித் தாக்கும். கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ எவரும் சுற்றிக் கொள்ளலாகாது. வென்ற அணி திடீரெனக் கயிற்றை விடலாகாது. மோதிரம், வளையல்களைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். இதய நோயாளிகளும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் கருவுற்ற சகோதரியரும் நடுவராகவும் ஊக்குவிப்பவராகவும் இருக்கட்டும்.

கூட்டமாக ஆட விரும்பாதவர்களுக்காக ஒரு மூலையில் பாய் விரித்து, பதினான்கு குழிகள் கொண்ட பல்லாங்குழிப் பலகை ஒன்றும், மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் கொண்டு ஆடும் ஆடுபுலி ஆட்டக் கோடுகளும் வைத்து விடுங்கள். இவை அறிவுக்கு வேலை தருபவை. பகடை உருட்டும் நர்த் ஆட்டத்தை நபிமொழி கடுமையாகக் கண்டித்திருப்பதால், தாயக்கட்டை உருட்டும் ஆட்டங்களை ஒதுக்கி விடுவதே பேணுதல்.

பரிசில் நுழையும் சூது

ஆடுகிறவர்கள் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு, வென்றவர் அவ்வளவையும் எடுத்துக்கொள்வது சூது. சீட்டுக்குப் பணம் வாங்கி, அப்பணத்திலிருந்தே எண் பொருந்தியவர்களுக்குப் பரிசு தரும் ஹவுஸி ஆட்டமும், பணம் கொடுத்து வாங்கும் குலுக்கல் சீட்டும் அவ்வகையே. ஒருவருடைய இழப்பிலிருந்து மற்றவருடைய ஆதாயம் பிறக்குமிடத்தில் மகிழ்ச்சியைப் போலவே பகையும் பிறக்கும். திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் 90, 91-ஆம் வசனங்கள் மதுவையும் சூதையும் தடுத்து, அவற்றால் உங்களிடையே பகைமையும் வெறுப்பும் விளையும் என்று எச்சரிக்கின்றன. அண்டை வீட்டாரை இணைக்கக் கூடியவர்கள், அவர்களைப் பிரிப்பதையே ஆடலாமா?

வழி எளிது. உணவு, தேநீர்ச் செலவுக்கான வசூலைத் தனியே வையுங்கள். அதிலிருந்து பரிசு வாங்காதீர்கள். பரிசுகளைப் போட்டியில் கலந்துகொள்ளாத ஒருவர் அன்பளிப்பாகத் தரட்டும். பரிசும் சிறியதாகவே இருக்கட்டும்: ஒரு நூல், ஓர் அத்தர் குப்பி, ஒரு கிலோ பேரீச்சம்பழம் போதும். வென்ற அணி அப்பழத்தைப் பிரித்து எல்லோருக்கும் பரிமாற வேண்டும் என்று விதி செய்து விடுங்கள். தோற்றவர் வாயிலும் இனிப்பு விழும். ஐயம் எதுவும் எழுந்தால் உங்கள் மஹல்லாவின் ஆலிம் பெருமக்களிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

சிரிப்பு யாருடைய செலவில்?

பெரியவர்களின் விளையாட்டில் மிகவும் கவனிக்க வேண்டியது இதுதான். சிறுவன் விழுந்தால் அழுது எழுந்து ஓடிவிடுவான். பெரியவர் நான்கு பேர் முன்னிலையில் இழிவுபட்டால், அது அவர் நெஞ்சில் ஆண்டுக் கணக்கில் தங்கும். தோற்றவரைத் தோப்புக்கரணம் போடச் சொல்வது, முகத்தில் மாவு பூசுவது, கண்ணைக் கட்டிவிட்டுப் பின்னாலிருந்து தள்ளுவது, பட்டப்பெயர் சூட்டி அழைப்பது ஆகியவை வேண்டவே வேண்டா. பரிகசிப்பதையும் பட்டப்பெயர் இட்டு அழைப்பதையும் திருக்குர்ஆனின் நாற்பத்தொன்பதாம் அத்தியாயம் 11-ஆம் வசனம் தடுக்கிறது. நபித்தோழர் ஒருவர் உறங்கிக் கொண்டிருந்தபோது வேறு சிலர் அவருடைய கயிற்றை எடுக்க, அவர் பதறி எழுந்தார். ஒரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது ஆகாது என்று அப்போதே அண்ணலார் அறிவுறுத்தினார்கள். வேடிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

லட்டு, வாழைப்பழம், பிஸ்கட் ஆகியவற்றை யார் விரைந்து தின்பது என்னும் போட்டிகளும் வேண்டா. தொண்டையில் அடைத்து மூச்சுத் திணறும் இடர் அவற்றில் உண்டு, சர்க்கரை நோயாளிகளுக்குக் கேடு, உணவுக்கும் மதிப்பில்லை. முட்டையை எறிந்து பிடிப்பதும் அவ்வாறே.

தோல்வியைத் தாங்குவது எப்படி என்பதையும் நபிவழியில் கற்கலாம். அண்ணலாரின் 'அள்பா' என்னும் ஒட்டகத்தை எதுவும் முந்தியதில்லை. ஒருமுறை கிராமவாசி ஒருவருடைய இளம் ஒட்டகம் அதனை முந்திவிட, தோழர்கள் மனம் வருந்தினார்கள். உலகில் உயர்ந்து நிற்கும் எதையும் அல்லாஹ் ஒருநாள் தாழ்த்தாமல் விடுவதில்லை என்னும் உண்மையைச் சொல்லி அவர்களைத் தேற்றினார்கள் நபி (ஸல்) அவர்கள். புள்ளிகளை எண்ணுங்கள், ஆனால் கடைசி அணியின் பெயரை உரக்க அறிவிக்காதீர்கள். முதலணியின் பெயரைச் சொன்னால் போதும்.

வராதவர்களையும் மறவாதீர்கள்

உங்கள் தெருவில் சகோதர சமயத்தவர் குடியிருந்தால் அவர்களையும் அழையுங்கள். அவர்களுக்கென மரக்கறி உணவைத் தனிப் பாத்திரத்தில் ஏற்பாடு செய்யுங்கள். மணம் அறிதலும் நினைவுத் தட்டும் எல்லோருக்கும் பொதுவே.

இத்தாவில் இருக்கும் சகோதரியால் நான்கு மாதம் பத்து நாள் முடியும்வரை இதற்கெல்லாம் வர இயலாது. படுக்கையில் கிடக்கும் நோயாளியால் வர இயலாது. அவரைப் பேணுவதற்காக வீட்டிலேயே தங்கிவிட்ட மகளாலும் வர இயலாது. நிகழ்ச்சி முடிந்ததும் முதல் உணவுப் பொட்டலங்கள் அவர்கள் வீடுகளுக்கே போகட்டும். பெண்கள் இருவர் மூவர் சென்று, அன்று நடந்த வேடிக்கைகளைச் சொல்லி அவர்களையும் சிரிக்க வைக்கட்டும். நோயாளியை நலம் விசாரித்த நன்மையும் கிடைக்கும்.

பிறகு எல்லோருமாகச் சேர்ந்து பாய்களைச் சுருட்டுங்கள், நாற்காலிகளை அடுக்குங்கள், சிந்தியவற்றைப் பெருக்குங்கள். துப்புரவுப் பணியும் அணிவாரியாகவே நடக்கட்டும்.

உங்கள் ஏற்பாடு வென்றதா என்பதைப் புள்ளிப் பட்டியல் சொல்லாது. மறுநாள் காலை தெரியும். எதிர் வீட்டுக்காரரைப் பெயர் சொல்லி அழைத்து நீங்கள் ஸலாம் கூறினால், மாடியில் தனித்திருந்த பெரியவரின் கதவை இளைஞர் ஒருவர் தட்டி, 'அந்தக் கப்பல் கதையை முழுக்கச் சொல்லுங்கள், அப்பா' என்று அமர்ந்தால், அதுவே வெற்றி. அண்டை வீட்டாரின் உரிமைகளைக் குறித்து நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். அவ்வுரிமைகளைப் பேண முதலில் அவரை அறிந்திருக்க வேண்டுமல்லவா? அடுத்த பெருநாளுக்குள் ஒரு தாளை எடுத்து, உங்கள் தெருவாரின் பெயர்களை எழுதத் தொடங்குங்கள். எத்தனை பெயர்கள் தெரியவில்லையோ, அத்தனை பேருக்காகவும் இந்த ஒன்றுகூடலை நடத்துங்கள். வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களை இணைத்து வைப்பானாக! ஆமீன்.